சத்தமில்லாத தூக்கம்

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் குடித்திருக்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் மூக்கைத்தான் நீட்டினார்கள். வாடை ஒன்றும் இல்லை என்றதும் அவர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்ப்பது என் வேலை. அரைத்துப் புளிக்கவைத்த இலை ஈரத்தோடு ஒரு பக்கம் உள்ளே போகும், கறுப்புத் தூளாக மறுபக்கம் வெளியே வரும். இடையில் சூடு கூடாமல் குறையாமல் ஒருவன் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்திலிருந்து இலை வந்து கொட்டுகிற மாதங்களில் ஃபேக்டரி ராத்திரி முழுக்க ஓடும். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ராத்திரி ஷிப்டுதான்.

ராத்திரி வேலை செய்கிறவன் பகலில் தூங்கியாக வேண்டும். லைன் வீட்டில் பகலில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டு மிக்ஸி நம் தலைமாட்டில் ஓடுவது போல இருக்கும். போதாக்குறைக்கு டிரையர் சத்தம் காதை விட்டுப் போகாது. கூட வேலை செய்தவர் ஒருவர், ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் படு, தூக்கம் வரும் என்றார். வந்தது. அவ்வளவுதான் என் கதை. துக்கம், தோல்வி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் கிடையாது. தூங்குவதற்காகக் குடித்தேன். கட்டிங் குவார்ட்டர் ஆனது, குவார்ட்டர் ஆஃப் ஆனது. கடைசியில் குடிக்காமல் கண்ணே மூடாது என்ற நிலைக்கு வந்தேன்.

அந்தக் கார்த்திகையில் மாலை போட்டேன். போட்டுவிட்டவர் என் மச்சான், அதாவது என் மனைவி சரோஜாவின் அண்ணன். அருவங்காட்டில் குடியிருக்கிறார். பல வருஷமாகச் சபரிமலைக்குப் போகிற குருசாமி.

"மாலை போட்டாப் போதும் மாப்ள, எல்லாம் தானா நின்னுரும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் குடிக்கிற ஆண்களுக்கு இது வழக்கம். மாலை போட்ட அன்றே நிறுத்துவார்கள், கழற்றிய அன்றே ஆரம்பிப்பார்கள். எப்போதாவது குடிக்கிறவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. விடிந்ததும் கை நடுங்குகிற என்னைப் போன்றவன் திடுதிப்பென்று நிறுத்தக் கூடாது, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மறுநாள் ராத்திரி கறுப்பு வேட்டியோடு டிரையர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் வலிப்பு வந்து கை கால் இழுத்துக்கொண்டதாம், நாக்கைக் கடித்துக்கொண்டேனாம். விரதத்தில் ஏதோ குற்றம் நடந்துவிட்டது என்று ஃபேக்டரியில் பேசிக்கொண்டார்களாம். மச்சான் அதை நம்பியிருக்க வேண்டும். என் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றும்போது அவர் உதடு என்னமோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

குன்னூரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் குடி, மாத்திரை, கஞ்சா என்று எதையாவது விட முடியாதவர்களுக்குத் தனி வார்டு இருந்தது. அங்கே எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். சரோஜாவை ஸ்டூலில் உட்கார வைத்து, எனக்கு என்ன ஆயிற்று என்பதை இருவருக்கும் சேர்த்தே சொன்னார்.

"ஒருத்தர் கதவை வெளியிலிருந்து தள்ளிட்டே இருக்கார்னு வெச்சுக்கங்க. அந்த ஆள்தான் சாராயம். உள்ளே இருந்து மூளையும் பதிலுக்குத் தள்ளுது. வருஷக்கணக்காத் தள்ளுது. வெளியே இருக்கறவர் ஒரு நாள் திடீர்னு நகர்ந்துட்டா என்ன ஆகும்?"

"உள்ளே தள்ளுனவரு குப்புற உழுவாருங்க" என்றாள் சரோஜா.

"அதுதான் உங்க வீட்டுக்காரருக்கு வந்த வலிப்பு. நடுக்கம், வேர்வை, தூக்கமில்லாதது எல்லாம் அதேதான்."

அப்புறம் குறட்டையைப் பற்றிக் கேட்டார். சரோஜா முதலில் தயங்கினாள். பிறகு, நான் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள் என்றும், சில சமயம் அது நடுவில் நின்றுபோகும், மூச்சும் நிற்கும், தான் உலுக்கி ஒருக்களித்துப் படுக்க வைப்பதுண்டு என்றும் சொன்னாள். நான் இதைக் கேட்பது அப்போதுதான் முதல் தடவை. குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்தச் சத்தம், குடியை விட்டால் பெரும்பாலும் குறையும் என்றார் டாக்டர். நான் தூக்கம் என்று நினைத்துக் கொண்டிருந்தது பாதிக்கு மேல் மயக்கம்தானாம்.

ஆரம்ப நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. போர்வை மேல் தேயிலைத் தூள் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கையால் கூட்டிக்கொண்டே இருந்தேன், அது வந்துகொண்டே இருந்தது. அப்படி எதுவும் இல்லை என்று நர்ஸ் சொன்னபோது, வேலை தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். விட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். தூள் போய்விட்டது. நடுக்கமும் போய்விட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை.

பயமாக இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இல்லை. பயப்படுவதற்குக்கூட உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் நம்முடையதாகவே இருக்காதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் அழுதாள். அழுகிறாள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். பில் விஷயத்தை மச்சான் பார்த்துக்கொண்டார். அதற்கு வெட்கப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. வெட்கம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கமால் பாய். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வாழ்நாளில் குடியைத் தொட்டதில்லை. மனைவி இறந்தபோது தூக்கத்துக்காக யாரோ கொடுத்த மாத்திரை, பாதி ஒன்றாகி, ஒன்று பலவாகி, கடைசியில் பட்டப்பகலில் கல்லாவில் சாய்ந்து தூங்குகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. எனக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால்தான் என்ன என்று நான் நர்ஸிடம் கெஞ்சியபோது பாய்தான் குறுக்கே வந்தார்.

"தம்பி, ஒரு கடையில கடனை அடைக்க இன்னொரு கடையில கடன் வைக்காதீங்க. அந்த இன்னொரு கடை என்னுது, எனக்குத் தெரியும்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். எனக்கு அந்த மாத்திரை வேண்டாம், மூளை தானாகத் தூங்கக் கற்றுக்கொள்ளட்டும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும் என்றார். மாதக்கணக்கு என்ற வார்த்தை மச்சான் காதிலும் விழுந்தது. வெளியே போகும்போது என் கட்டிலருகே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, நான் மறைச்சுப் பேசலீங்க. தூக்கம் வரலைன்னா நீங்க மறுபடியும் கடைக்குத்தான் போவீங்க. குடிக்காமத் தூங்கி எந்திரிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் சரோஜாவ அனுப்பறேன். அது வரைக்கும் அவ எங்கூட்லயே இருக்கட்டும்."

சரோஜா பக்கத்தில்தான் நின்றாள். அவர் சொன்னது நியாயம்தான். நானும் சரி என்று தலையாட்டினேன். குடிக்காமல் தூங்க வேண்டும். இல்லையென்றால் அவள் இல்லை. விஷயம் இவ்வளவு சுருக்கமாக ஆனதில் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதிகூட இருந்தது.

அவள் தினமும் அருவங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. அதனால் அவள் டீ கொண்டுவந்தாள். பெரிய ஃபிளாஸ்க் நிறைய, இஞ்சி தட்டிப் போட்ட வர டீ, பால் கிடையாது. எங்கள் ஃபேக்டரியின் முதல் தரமான டஸ்ட் தூள், வீட்டில் டப்பாவில் இருந்ததை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். "குடிக்கறத நிறுத்துன வாய்க்கு ஏதாச்சு வேணுமல்லங்க" என்றாள். அவள் போன பிறகு மறுநாள் அவள் வரும்வரை அந்த ஃபிளாஸ்க்தான் எனக்குத் துணை. மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பேன். ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்த ஒரே சாமான் அது.

ஒரு காலை டாக்டர் ரவுண்டு வந்தார். முந்தின இரவும் நான் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. அவருக்கே சலிப்பு வந்திருக்கும், என் கட்டிலருகே நின்று யோசித்தார். பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துத் திறந்து முகர்ந்தார்.

"இது என்னங்க?"

"சும்மா வர டீங்க டாக்டர்."

"டீ, காபி எவ்வளவு குடிப்பீங்கன்னு முதல் நாளே கேட்டேனே. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"அது டீங்க. பால் ஊத்துனது. இது சும்மா வாய் நனைக்கறது."

நான் பொய் சொல்லவில்லை. டீக்கடையில் கிளாஸில் கொடுப்பது டீ. வர டீயை எங்கள் ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிரையர் முன்னால் நிற்கிறவன் தாகத்துக்கு அதைத்தான் குடிப்பான். தூள் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அடிக்கடி ஒரு சிட்டிகை வெந்நீரில் போட்டுக் குடிப்பான். வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட அதுதான். பச்சைத் தண்ணீர் குடிக்கிறவனைப் பார்த்தால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்போம்.

கமால் பாய் சிரிக்க ஆரம்பித்தார். அந்த வார்டில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "பீர் குடிச்சா குடியில சேர்த்தியில்லன்னு அந்த மூலைக் கட்டில்காரர் சொல்றாரே, தம்பி கதையும் அதேதான்" என்றார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பகல் முழுக்க விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கக் களைப்பு மூளையில் சேர்ந்துகொண்டே வருமாம். டீயில் இருக்கும் சத்து அந்தக் களைப்பை மூளைக்குத் தெரியாமல் மறைத்துவிடுமாம். ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிறவன் பொழுதுக்கும் இவ்வளவு கடுமையான டீயைக் குடித்தால் எப்படித் தூங்குவான் என்றார். இனி விடிந்ததும் ஒன்று, அதுவும் லேசாக. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கும் சரோஜா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல, புடவை கசங்கியிருந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன், இனி இது வேண்டாம் என்று.

"ஏனுங்க, நல்லால்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது. இதுனாலதான் தூக்கம் வரலைன்னு டாக்டர் சொல்றாங்க."

அவள் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதன் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா நீங்க என்னையத் தூங்க உடல. இந்த நாலு நாளா நான் உங்களத் தூங்க உடாமப் பண்ணிப்போட்டேனுங்களா?"

கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம், "நீ நல்லதுக்குத்தானே பண்ணுன" என்ற ஒன்றுதான். அவள் எழுந்துபோய் வாஷ்பேசினில் அவ்வளவையும் கொட்டினாள். மறுநாளிலிருந்து அதே ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர் வந்தது.

டீயை விட்டதற்கும் தலை பிளந்தது. குடியை விட்டபோது வந்த பாடு போலத்தான் இதுவும் என்றார் டாக்டர். சட்டங்கள் போட்டார். தூக்கம் வந்தால் மட்டும் கட்டில். வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்கக் கூடாது, எழுந்து உட்கார வேண்டும். பகலில் கண் அயரக் கூடாது. எந்நேரம் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். நானும் கமால் பாயும் வராந்தாப் பெஞ்சில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் கடைச் சாமான்களின் விலையைச் சொல்வார். அதைக் கேட்டாலே தூக்கம் வர வேண்டும், அவருக்கும் வராது, எனக்கும் வராது. பிறகு ஒரு நாள் எனக்குக் கொஞ்சம் வந்தது. அந்தத் தூக்கத்துக்குள் கனவுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. எல்லாக் கனவிலும் நான் குடித்தேன். விழித்ததும் வாயை ஊதி ஊதிப் பார்த்துக்கொள்வேன். குடியை விட்டவர்கள் பலருக்கும் இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். மெதுவாக அந்தக் கொஞ்சம் நீண்டது. விடியும்வரை தூங்கினேன் என்று நர்ஸ் சாட்சி சொன்ன பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ராத்திரி ஷிப்டு கொடுக்கக் கூடாது என்று ஃபேக்டரிக்கும் சொல்லிவிட்டார்கள். பேக்கிங்கில் பகல் வேலை கொடுத்தார்கள்.

மச்சான் ஜீப் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரித் தூக்கம் கணக்கில் சேராது, வீட்டிலும் தூங்கிக் காட்ட வேண்டும் என்று, வழியில் அருவங்காட்டில் சரோஜாவை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. ஜீப் நின்றது. அவள் உள்ளே போய் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"மீதியெல்லாம் இங்கியே இருக்கட்டுங்ண்ணா. பொங்கல் வரைக்கும் பாக்கறேன்" என்று அண்ணனிடம் சொன்னாள்.

வீட்டில் நான் தூங்கினேன். முதல் சில இரவுகள் பாதிப் பாதியாக, பிறகு முழுசாக. கடை இருக்கிற திசையில் மனம் போகும்போதெல்லாம் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சரோஜாவின் முகம் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. சாதத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள். தோட்டத்தில் இலை பறிக்கிறவள், இலை எடை போடும் இடத்தில் நின்றுகொண்டே கண் சொருகினாள் என்று கூட இலை பறிப்பவர்கள் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். விழித்தால் செல்போன் வெளிச்சம் என் முகத்தில்.

"ஏனுங்க! ஏனுங்க!"

"என்ன? என்னாச்சு?"

"சத்தமே இல்லீங்க" என்றாள். அவள் கை என் மூக்குக்குக் கீழே இருந்தது. விரல் சில்லென்று இருந்தது.

எழுந்து விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னாள். இத்தனை வருஷமும் என் குறட்டை கேட்டால்தான் நான் இருக்கிறேன் என்று அவளுக்கு அர்த்தம். சத்தம் நின்றால் மூச்சு நின்றது, எழுந்து உலுக்க வேண்டும். அவள் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. இப்போது நான் குடிப்பதில்லை, குறட்டை இல்லை, ராத்திரி முழுக்கச் சத்தமே இல்லை. அதனால் அவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மூச்சு நிற்பதில்லை என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கண் மூட மாட்டேன் என்கிறதாம்.

"எங்கண்ணன் ஊட்ல நல்லாத் தூங்குனனுங்க" என்றாள். "படுத்தது தெரியும், விடிஞ்சது தெரியும். அங்கியே போயிரலாமான்னு இருக்குதுங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. தூங்கோணும், அவ்வளவுதான்."

அவளுடைய பை இன்னும் மூலையில்தான் இருந்தது. துணி எடுக்க வேண்டுமென்றால் அதைத் திறந்து எடுத்து மறுபடியும் மூடிவைப்பாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கத்துக்காக நான் என்னென்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். அவள் அதே தூக்கத்துக்காக ஒரு பஸ் ஏறுகிறேன் என்கிறாள். எந்த வாயால் மறிப்பது?

"சரி, காலைல பேசிக்கலாம். படு" என்றேன். விளக்கை அணைத்தாள். நான் மல்லாந்து படுத்தேன். அவள் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது இருட்டில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குறட்டை விட ஆரம்பித்தேன்.

முதலில் சரியாக வரவில்லை. என் குறட்டையை நானே கேட்டதில்லை அல்லவா. டிரையர் சூடேறும்போது ஒரு உறுமல் வருமே, அதை மனதில் வைத்துக்கொண்டு தொண்டையை இறுக்கி இழுத்தேன். நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து சரோஜா சரிந்து பாயில் படுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் மூச்சு நீளமாக, ஒரே சீராக வர ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது சுருக்சுருக்கென்று குத்துமே, அப்படி உடம்பெல்லாம் குத்தியது. சத்தம் மாறினால் அவள் விழித்துவிடுவாள் என்று அழுதுகொண்டே குறட்டை விட்டேன்.

பொங்கல் போய் அடுத்த மாதம் செக்கப்புக்குப் போனேன். மச்சான் வீட்டிலிருந்து மீதிப் பைகளையும் எடுத்து வருவதற்காகச் சரோஜாவும் கூட வந்திருந்தாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கடைப்பக்கம் போனேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"தூக்கம் எப்படி இருக்குதுங்க? படுத்த உடனே வருதா?"

"வருதுங்க டாக்டர்" என்றேன். "அவ தூங்குனதுக்கப்புறம் வருதுங்க."